பறவை வேடமும் நம் பிள்ளைகளும்

ஆண்டு விழாக் காலம் நெருங்கிவிட்டதை நாட்காட்டி பார்த்து அறியவேண்டிய தேவை நம் இல்லங்களுக்கு இல்லை. பிள்ளையின் குறிப்பேட்டில் ஆசிரியை எழுதியனுப்பும் ஒரே வரி போதும்: “மயில் உடை, வெள்ளிக்கிழமைக்குள்.” அந்த ஒரு வரியில் ஒரு வீட்டின் நான்கு இரவுகள் அடங்கியிருக்கின்றன. தந்தை காலி அட்டைப்பெட்டி கேட்டு மளிகைக் கடைக்குப் போகிறார். பாட்டி பெட்டியின் அடியிலிருந்து பழைய பச்சைப் புடைவையை எடுக்கிறார். தாய் தையற்பொறியின் முன் அமர்கிறார். மயிலாகப் போகிறவளோ அடுப்பங்கரையில் கைகளை விரித்துப் பறந்துகொண்டிருக்கிறாள். பள்ளி ஆண்டு விழா, பங்குத் திருவிழாவின் கலைநிகழ்ச்சி, கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்பின் நிறைவு நாள் என்று ஆண்டில் ஒருமுறையேனும் மயிலோ கிளியோ கொக்கோ புறாவோ நம் வீட்டிலிருந்து புறப்பட்டு மேடையேறத்தான் செய்கிறது.

இது சிறு பொருளென்று தோன்றலாம். ஆனால் அவ்வேடம் பிள்ளையின் தலையிலும் கழுத்திலும் கண்ணெதிரிலும் அமர்கிறது. குடும்பத்தின் பணப்பையிலும் அமர்கிறது. யாருக்கு எந்தப் பறவை என்னும் கேள்வியில் பிள்ளையின் மனமும் சிக்குண்டு கிடக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

மயிலிடமே கேட்போம்

வேடம் தைக்குமுன் பறவையைக் கவனிப்பது நல்லது. மயிலின் தோகை என்று நாம் சொல்வது உண்மையில் அதன் வால் அன்று. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வாலை மூடியவாறு நீண்டு வளரும் இறகுகளே தோகை. மெய்யான வால், அதன் அடியில் மறைந்து கிடக்கும் ஏறத்தாழ 20 குட்டை இறகுகள் மட்டுமே. ஆண்மயில் தோகையை விரிக்கும்போது இந்தக் குட்டைவால்தான் பின்னால் விறைத்து நின்று அத்தனை நீளத்தையும் தாங்குகிறது.

நம் மேடை மயில்களின் தோகை பெரும்பாலும் துவண்டு தொங்குவதற்குக் காரணம், அந்தக் குட்டைவாலை நாம் மறந்துவிடுவதே. தோகையைக் கழுத்திலோ தோளிலோ கட்டிவிடுகிறோம். பாரம் பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டாம் சரணத்திற்குள் அவள் முன்னுக்குக் குனிந்துவிடுகிறாள். தோகை அமர வேண்டிய இடம் இடுப்பு. நான்கு விரல் அகலத்தில் காடாத் துணியால் கச்சையொன்று தைத்து, அதன் பின்புறத்தில் அரைவட்ட வடிவான தடித்த அட்டையையோ மெல்லிய மூங்கில் சட்டத்தையோ பொருத்த வேண்டும். இதுவே நம் குட்டைவால். கச்சை கீழே நழுவாதிருக்க இரண்டு நாடாக்கள் மேற்சட்டைக்குள்ளாகத் தோள்வழியே வந்து மார்பின் குறுக்கே கட்டப்படட்டும்.

இனித் தோகை. ஐந்து அல்லது ஏழு மூங்கில் பிளாச்சுகளை நன்றாகச் சீவி வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றின் அடியிலும் துளையிட்டு ஒரே ஆணியில் கோத்துவிட்டால், கைவிசிறியைப் போல விரியவும் மடங்கவும் செய்யும். அவற்றின்மேல் துணியைத் தளர்வாகத் தைத்து, இருபுறக் கடைசிப் பிளாச்சுகளிலும் ஒவ்வொரு நூற்கயிறு கட்டிப் பிள்ளையின் இரு கைகளுக்குக் கொண்டுவந்தால், அவள் இழுக்கும்போது தோகை விரியும், விட்டால் மடங்கும். பிளாச்சுகளின் நுனி ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்துத் துணியால் உருண்டையாகக் கட்டவேண்டும். இதைச் செய்யாத வேடத்தை நாம் மேடையேற்றவே கூடாது. ஆடுகிறவளுக்கு அந்த நுனி முதுகுப்புறம் இருக்கிறது. பின்வரிசையில் நிற்கும் மற்றொரு பிள்ளைக்கோ அது கண்ணுக்கு நேரே இருக்கிறது.

நூலை இழுத்துப் பறவையை உயிர்ப்பிக்கும் உத்தி நாம் புதிதாகக் கண்டதன்று. நம் நாட்டுப்புற மயிலாட்டக் கலைஞர்கள் தலைமுதல் கால்வரை மயிலின் கோலம் பூண்டு, அலகில் கட்டிய நூலை இழுத்து அதைத் திறந்து மூடிக் காட்டுவதைத் திருவிழாக்களில் பலரும் கண்டிருப்பீர்கள். நையாண்டி மேளம் வேகமெடுக்க எடுக்க, அந்த அலகு திறந்து மூடுவதைக் கண்டு சிறுவர்கள் ஆரவாரிப்பார்கள். கேரளத்தில் அர்ச்சுன நிருத்தம் என்னும் ஆட்டத்திலும் மயிற்பீலிகளால் ஆன உடையை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். மயில்பீலித் தூக்கம் என்றும் அதற்குப் பெயருண்டு. அங்கும் பீலியின் பாரத்தை இடுப்புதான் தாங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

பீலியைப் பற்றி ஒரு சொல். மயில் 1963 முதல் நம் நாட்டின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்வதைக் கடுங்குற்றமாக்கியுள்ளது. ஆண்மயில் ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்ததும் தன் தோகையைத் தானே உதிர்த்துவிடுகிறது. அவ்வாறு உதிர்ந்த பீலியை நாட்டிற்குள் வைத்திருக்கவோ விற்கவோ தடையில்லை. உதிர்ந்த பீலியின் அடித்தண்டு உலர்ந்து தூய்மையாக இருக்கும். பிடுங்கப்பட்டதில் குருதிக்கறை தெரியும். வாங்கும்போது தண்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று பீலிகளைக் கொண்டையில் செருகினாலே போதுமானது. முழுத் தோகைக்கும் பீலி வாங்குவது தேவையற்ற செலவு என்பது நம் எண்ணம்.

பீலிக்கு மாற்றாக எதைக் கொள்வது? இங்கேயும் மயில் வழிகாட்டுகிறது. அதன் நீலமும் பச்சையும் சாயமல்ல. இறகினுள் இருக்கும் நிறப்பொருள் கருமை கலந்த பழுப்பே. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால்தான் அந்த மினுமினுப்புத் தோன்றுகிறது. ஆகவே பளபளக்கும் நீலத் துணி ஒன்றை மட்டும் தைத்தால், மேடை விளக்கில் அது வெறும் நீலமாகவே நிற்கும். கருப்பு அல்லது பழுப்புத் துணியை அடியில் வைத்து, அதன்மேல் நீல வலைத்துணியும் அதற்குமேல் பச்சை வலைத்துணியும் இட்டால், பிள்ளை திரும்பும்போதெல்லாம் நிறம் மாறும். இதைவிடச் சிறந்த பொருள் பல வீடுகளில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நம் நெசவாளர்கள் பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் கொடுத்து நெய்யும் மயில்கழுத்துப் பட்டு! மடிப்பில் கிழிந்து உடுத்த இயலாமற்போன மயில்கழுத்துப் புடைவை இருக்குமாயின், அதற்கு இதனினும் நல்ல மறுவாழ்வு கிடையாது. (தோகை விரித்தாடுவது ஆண்மயில், நாம் மயிலாக்குவதோ பெரும்பாலும் பெண்பிள்ளைகளை. பெண்மயிலுக்குத் தோகையே இல்லை. இதையெண்ணி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, நாமும் படவேண்டாம்.)

முகத்தை மூடலாமா?

மேற்குவங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சரிதா என்றொரு சிற்றூர் உண்டு. சௌ என்னும் நடனத்திற்கு அணியும் முகமூடிகளைச் செய்வதே அவ்வூரின் தொழில். முதலில் களிமண்ணால் முகத்தின் வடிவைச் செய்துகொள்கிறார்கள். அது காய்ந்தபின் மெல்லிய சாம்பலைத் தூவி, பசையில் நனைத்த காகிதத்தை எட்டுப் பத்து அடுக்குகளாக ஒட்டுகிறார்கள். அதன்மேல் மீண்டும் களிமண்ணால் மூக்கையும் புருவத்தையும் திருத்தி, துணியை ஒட்டி, மரக்கருவியால் தேய்த்து வழவழப்பாக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பின்னர் உள்ளிருக்கும் களிமண் அச்சைப் பிரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவது காகிதமும் துணியும் சேர்ந்த இலேசான முகம். கண்ணுக்கும் மூக்குக்கும் துளையிட்டு வண்ணம் தீட்டிச் சுற்றிலும் அலங்காரம் செய்கிறார்கள். இம்முகமூடிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌ நடனத்தை 2010-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்நடனத்தில் மூன்று வகைகள் உள்ளன. புருலியாவிலும் சார்க்கண்டின் செரைகெல்லாவிலும் முகமூடி அணிந்தே ஆடுகிறார்கள். செரைகெல்லாவின் மயில் நடனம் புகழ்பெற்றது. ஒடிசாவின் மயூர்பஞ்சிலோ முகமூடியே இல்லை. செரைகெல்லாவில் ஆட்டங்கள் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். முகமூடிக்குள் மூச்சுவிடுவது கடினம் என்பதே அதற்கொரு முக்கிய காரணம். பல்லாண்டு பயிற்சி பெற்ற வளர்ந்த கலைஞர்களுக்கே இந்நிலை எனில், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தில் பஞ்சுமிட்டாய்க் கடையில் வாங்கிய நெகிழி முகமூடியை இரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டி, ஒரு மணி நேரம் மேடைக்குப் பின்னால் நிறுத்திவைப்பது எவ்வகையில் நியாயம்?

சிறுவர்க்கு முழுமுகமூடி வேண்டாம் என்பதே நம் உறுதியான கருத்து. மூச்சுத்தான் முதற்காரணம். அடுத்தது பார்வை. முகமூடியின் துளை வழியாக நேரெதிரே மட்டுமே தெரியும். காலடியில் முடியும் மேடை விளிம்பு தெரியாது. மேலும், தன் பிள்ளையின் முகத்தைக் காணவே மூன்றாம் வரிசையில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே நெற்றி முகமூடியே தக்கது. குல்லாயைப் போலத் தலையில் அமர்ந்து, அலகு நெற்றிக்குமேல் நீண்டிருக்கும். பறவையின் கண்கள் பிள்ளையின் புருவத்துக்குமேல் வரும். முகம் திறந்தே இருக்கும். பிள்ளை சற்றுத் தலைகுனிந்தால் பறவை தெரியும். நிமிர்ந்தால் பிள்ளை தெரியும். இந்த மாறாட்டத்தைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

காகிதமும் வெந்தயமும்

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பிள்ளையின் தலையளவைவிடச் சற்றே பெரிய கிண்ணமொன்றைக் கவிழ்த்து, அதன்மேல் வெறும் தண்ணீரில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை ஒரு சுற்று ஒட்டுங்கள். பசையில்லாத இந்த முதற்சுற்றால்தான் பின்னர் கிண்ணத்திலிருந்து எளிதில் கழலும். அதன்மேல் மைதாப் பசையில் தோய்த்த துண்டுகளை ஆறு ஏழு சுற்று ஒட்ட வேண்டும். காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள்; கிழித்த ஓரம் படிந்துவிடும், கத்தரித்த ஓரம் வரம்பாக நிற்கும். ஒரு சுற்று செய்தித்தாள், மறுசுற்று வெள்ளைத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விடுபட்டது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நம் பாட்டிமார் காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடையும் முறமும் செய்தார்கள் அல்லவா? அதே கூழ்தான் இங்கே பறவையின் கன்னத்தையும் கண்மேட்டையும் கொண்டையையும் உருவாக்கப் பயன்படும். வெந்தயம் கூழைப் பிடித்துவைக்கும், பூச்சியையும் அண்டவிடாது. பசையில் பூச்சி வாராதிருக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். புத்தகக் கட்டுநர்களின் வழக்கம் அது. பெயரில் மயில் இருந்தாலும் அது நஞ்சு. வியர்வையும் எச்சிலும் படும் பொருளில் அதைச் சேர்க்கவே கூடாது.

அலகுக்குத் தடித்த அட்டையைக் கூம்பாகச் சுருட்டிக்கொள்ளலாம். கிளியின் அலகு கீழ்நோக்கி வளைந்தது, கொக்கினது நீண்டு நேரானது, புறாவினது குட்டையானது, வாத்தினது தட்டையானது. இதைப் பிள்ளைகளே நமக்குச் சொல்லித்தருவார்கள். எவ்வகை அலகாயினும் நுனி கூராக இருத்தலாகாது. முழு முகமூடியும் கால் கிலோவுக்குமேல் போகாதிருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காகிதம் எளிதில் உலராது. திசம்பரில் விழா எனில் இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். உலராததன்மேல் வண்ணம் தீட்டினால் உட்புறம் பூஞ்சணம் பிடித்து நாற்றம் வீசும். தெர்மாகோலில் செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: காலணி ஒட்டும் பசையைத் தடவினால் தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிடும், ஃபெவிகால் போன்ற வெண்பசையே அதற்கு ஏற்றது. வண்ணத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் நீர்வண்ணமே போதும். கதவுக்கு அடித்து மீந்த பழைய பெயிண்ட் டப்பாவை எடுக்கவேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பாவில் என்ன இருக்கிறதென்று யார் அறிவார்?

சிறகு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய நடனமணி அன்னா பாவ்லோவா, சாகும் அன்னமாகச் சில நிமிடங்களே ஆடிய ஒரு நடனத்தால் உலகப் புகழ் பெற்றார். அவருடைய தோள்களில் பெருஞ்சிறகுகள் கட்டப்படவில்லை. உடையில் இறகுகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் பறந்தவை அவருடைய கைகள். இந்தியாவிற்கு வந்த அவரை 1928-இல் சந்தித்த ருக்மிணி தேவி அம்மையார், பின்னாளில் 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவியதை வாசகர் அறிவர்.

இதிலிருந்து தைப்போர் அறியத்தக்கது, சிறகைக் கைக்கு அடிமையாக்க வேண்டும் என்பதே. கம்பியில் செய்த விறைத்த சிறகை முதுகில் கட்டினால் பிள்ளை நடமாடும் சுவரொட்டியாகிறாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை செல்லும் அரைவட்டத் துணியைச் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்து, அதன்மேல் துணி இறகுகளை வரிசையாகப் பொருத்துங்கள். கீற்று வேய்வதைப் போலக் கீழ்வரிசையில் தொடங்கி மேலே வரவேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரிசையின் தையலையும் அடுத்த வரிசை மறைக்கும். மணிக்கட்டருகே நீண்ட இறகு, தோளருகே குட்டை இறகு. துணியைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டினால் ஓரம் நூல் பிரியாது. விரல்களைச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்; முத்திரை பிடிக்கவேண்டிய விரல்கள் அவை. கறிக்கடையில் கிடைக்கும் கோழி இறகை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். துணி இறகே தூய்மையானது, துவைக்கவும் இயலும்.

வலைத்துணியும் சாட்டினும் பெரும்பாலும் செயற்கை இழைகள். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை. ஆகவே அடியில் பருத்தி உடை கட்டாயம். மேடையின் முன் குத்துவிளக்கு ஏற்றப்பட்டிருந்தால், பறவைகள் வருமுன் அதை ஓரமாக எடுத்துவைக்கும் பொறுப்பு ஒருவரிடம் பெயர்சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும். விழாவுக்கு இரு நாள் முன்பு முழு வேடத்துடன் பிள்ளையைப் படியேறச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகவேண்டுமெனில் எத்தனை ஊக்குகளைக் கழற்றவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவது நம் விழாக்களின் எழுதப்படாத விதி. அதுவரை பிள்ளை அந்த உடைக்குள் இருந்தாக வேண்டும்.

யாருக்கு மயில், யாருக்குக் காகம்?

இதுவரை சொன்னவை கைவேலை. இனிச் சொல்வது அதைவிட நம்மை உறுத்துவது.

ஒரு பள்ளி விழாவில் நாம் கண்டோம். ஒன்பது கிளிகள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தன. பத்தாவது கிளி சீருடையுடன் தூணோரம் நின்று, வாயசைத்து, கைகளை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் ஆட்டம் பழகியவள். வாடகை உடைக்குப் பணம் கட்டும் நாள் கடந்துவிட்டதாம். யாரும் அவளைத் திட்டவில்லை, விரட்டவுமில்லை. கணக்கில் ஒன்பதுதான் வந்தது, அவ்வளவே. ஒரு கிளிக்கு ஆகும் வாடகைக்குள் இரண்டு கிளிகளைத் தைத்துவிடலாம் என்பதை அங்கிருந்த தையற்காரர் ஒருவரே நமக்குக் கணக்குப் போட்டுச் சொன்னார்.

உடையை வீடுதோறும் செய்யச் சொல்வதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் இடையில் ஒரு வழி உண்டு. பங்கு மன்றத்திலோ பள்ளிக் கூடத்திலோ இரண்டு மூன்று சனிக்கிழமை மாலைகளில் பெற்றோர் ஒன்றுகூடி எல்லா உடைகளையும் ஒருசேரச் செய்வது. ஒருவர் பழைய புடைவை தருவார், மற்றொருவர் மூங்கில் சீவுவார், தையல் தெரிந்தவர் தைப்பார், ஒன்றும் தெரியாதவர் பசை காய்ச்சுவார். எந்தச் சிறகு யார் வீட்டுத் துணியில் வந்தது என்று பிறகு சொல்ல முடியாது. எவர் வீட்டிலிருந்தும் ஒன்றும் வராவிட்டாலும் பத்தாவது கிளிக்கு உடை இருக்கும்.

மற்றொன்று நிறத்தைப் பற்றியது. வெளிறிய நிறமுள்ள பிள்ளையைப் புறாவாகவும் அன்னமாகவும் நிறுத்திவிட்டு, கறுத்த பிள்ளையிடம், “நீ காக்காய், உனக்கு மையே தேவையில்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. சொன்னவர் அன்றே மறந்துவிடுவார். கேட்டவள் நாற்பது வயதிலும் மறப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். காகத்தில் குறையொன்றுமில்லை. நோவா பேழையிலிருந்து முதலில் அனுப்பியது புறாவை அன்று, காகத்தை. ஓடையருகே ஒளிந்திருந்த எலியாவுக்குக் காலையும் மாலையும் உணவு கொண்டுவந்தவை காகங்களே. குறை, தோலைப் பார்த்துப் பறவையைப் பங்கிடும் நம் கண்ணில் இருக்கிறது. நெற்றி முகமூடிக்கும் சிறகுக்கும் நாம்தானே வண்ணம் தீட்டுகிறோம்? அப்படியிருக்க, பிள்ளையின் தோல் எந்த நிறமாயிருந்தால் என்ன? சீட்டுக் குலுக்கிப் பறவையைத் தேர்ந்தெடுக்கட்டும். அல்லது நடை எவருக்கு எப்பறவையைப் போல் வருகிறதென்று பார்த்துக் கொடுக்கட்டும். நீண்ட கால்களும் நிதானமும் உள்ளவள் கொக்கு. ஓரிடத்தில் நில்லாதவன் சிட்டு. காகத்துக்கு வேண்டியது கூர்மையும் துணிச்சலும். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள், கூட்டம் முழுவதும் காகத்தையே பார்க்கும்.

விழா முடிந்த பின்

உடைகளை மறுநாளே வெயிலில் உலர்த்துங்கள். வியர்வையுடன் மடித்தால் துணி கறைபடும், காகிதம் பூத்துவிடும். முகமூடியின் உட்புறம் பருத்திக் குல்லாய் ஒன்றைத் தனியே தைத்து, அமுக்குப் பொத்தானால் பொருத்தியிருந்தால், அதை மட்டும் கழற்றிக் கொதிநீரில் துவைக்கலாம். ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்குப் பேன் போகாமலிருக்கவும் அது உதவும். சிறகுகளை மடிக்காமல் பழைய வேட்டியில் சுருட்டி வையுங்கள். அந்துருண்டையின் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. நிழலில் உலர்த்திய வேப்பிலையைச் சிறு துணிமுடிச்சுகளாகக் கட்டி இடையிடையே வைத்து, மூன்று மாதத்திற்கொருமுறை மாற்றினால் போதும். அலகுகள் நசுங்காதிருக்க உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பெட்டியின்மேல் இத்தனை கிளி, இத்தனை கொக்கு, இன்ன அளவு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு பெட்டியைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.